சிகிச்சை முடிந்தது, இனி என்ன? – இளவயதில் மார்புப் புற்றுநோயைக் கடந்து வரும் பெண்களுக்கும் அவர்களைச் சுற்றியிருப்போருக்கும்



மார்புப் புற்றுநோய் என்றதும், அது ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் நோய் என்றே எம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலும் அது சரிதான். அவுஸ்திரேலியாவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20,000 பெண்களுக்கு இந்நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. அவர்களில் பெரும்பான்மையோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். ஆனால் ஏறத்தாழ 1,000 பேர், அதாவது இருபது பேருக்கு ஒருவர், நாற்பது வயதை எட்டாதவர்கள். பிள்ளையைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டி வரும் வயது. கலியாணம் பேசும் வயது. வீட்டுக் கடன் கட்டத் தொடங்கும் வயது.

ஒரு நல்ல செய்தியையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் மார்புப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்ட பெண்களில் நூற்றுக்கு தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளின் பின்னரும் உயிரோடு இருக்கிறார்கள். மிக இளவயதினரில் இந்த எண்ணிக்கை சற்றுக் குறைவு என்றாலும், அவர்களிலும் பெரும்பாலானோர் பிழைத்து நெடுங்காலம் வாழ்கிறார்கள். அப்படியானால், எமது சமூகத்துக்குள்ளும் இந்நோயைக் கடந்து வந்த இளம் பெண்கள் பலர் இருக்கத்தான் வேண்டும். அவர்கள் எங்கே? ஏன் எம் கண்ணுக்குத் தெரிவதில்லை? அவர்களுக்குத் தைரியம் எங்கிருந்து கிடைக்கிறது? இந்த இதழில் அதைப் பற்றிப் பார்ப்போம்.

இளவயதில் என்ன வித்தியாசம்?

அரசாங்கத்தின் இலவச மமோகிராம் பரிசோதனைக்கு நாற்பது வயதிலிருந்து போகலாம். ஐம்பது முதல் எழுபத்துநான்கு வயது வரை அழைப்புக் கடிதம் வீட்டுக்கு வரும். நாற்பதுக்குக் கீழே இந்தத் திட்டம் இல்லை. இளம் பெண்களின் மார்பு அடர்த்தியாக இருப்பதால், மமோகிராம் படத்தில் சிறு கட்டிகள் தெரியாமல் போகக்கூடும் என்பது அதற்கு ஒரு காரணம். ஆகவே இளம் பெண்களில் பெரும்பாலானோர் குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ தாங்களாகவேதான் கட்டியைக் கண்டுபிடிக்கிறார்கள். "இந்த வயதில் வராது", "பால் கொடுக்கிற காலத்தில் இப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிப்போட்டால் நோய் முற்றிவிடும். எந்த வயதிலும் புதிதாக ஒரு கட்டி, தோலில் குழிவு, முலைக்காம்பிலிருந்து இரத்தம் அல்லது நீர் கசிதல் என்று கண்டால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். கையால் சோதித்தல், ஸ்கான் அல்லது மமோகிராம், ஊசிமூலம் திசு எடுத்துப் பார்த்தல் என்ற மூன்றும் சேர்ந்துதான் சரியான பதிலைத் தரும்.

இளவயதில் வரும் கட்டிகள் சில வேளைகளில் வேகமாக வளரும் வகையாக இருப்பதால், சத்திரசிகிச்சை, கீமோதெரபி, கதிர்ச் சிகிச்சை, ஹோர்மோன் மாத்திரை என்று பல சிகிச்சைகள் அடுத்தடுத்து வரலாம். ஒரு வருடம் வீடே வைத்தியசாலையைச் சுற்றி ஓடும்.

சிகிச்சை முடிந்த அடுத்த நாள்

சில வைத்தியசாலைகளில் கடைசிக் கீமோ முடிந்ததும் ஒரு மணியை அடிக்கச் சொல்வார்கள். எல்லோரும் கை தட்டுவார்கள், வீட்டில் கேக் வெட்டுவார்கள். "எல்லாம் முடிந்தது, கடவுள் காப்பாற்றிவிட்டார்" என்று உறவினர்கள் தத்தமது வேலைகளைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தப் பெண்ணுக்கோ அப்போதுதான் பலதும் தொடங்குகிறது.

ஒரு வருடமாக வாரத்துக்கு வாரம் பார்த்த தாதிமாரும் வைத்தியர்களும் இப்போது மாதக்கணக்கில் ஒரு முறைதான் பார்ப்பார்கள். ஒவ்வொரு முதுகுவலியும் "திரும்பவும் வந்துவிட்டதோ" என்று நெஞ்சைப் பதறவைக்கும். தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு பல மாதங்கள் நீடிக்கலாம். பெயர்கள் மறந்துபோகும், அடுப்பில் வைத்தது நினைவிருக்காது. முப்பத்தைந்து வயதில் மாதவிடாய் நின்று, உடம்பில் திடீரென்று சூடு பரவி வியர்க்கும். கண்ணாடியில் பார்க்கும் உடம்பு தனதாகத் தெரியாது. இவை எல்லாம் சிகிச்சையின் பின்விளைவுகள். அவளுடைய பலவீனமும் அல்ல, நன்றிகெட்ட தனமும் அல்ல. "சுகம் வந்த பிறகும் ஏன் அழுகிறாய்?" என்று கேட்பதற்கு முன் இதை நினைவில் வைத்திருங்கள்.

"மனவுறுதி இருந்தால் போதும்" என்பது சரியா?

எம்மவர்கள் அன்போடு சொல்லும் வார்த்தை இது. ஆனால் இதற்குள் ஓர் ஆபத்து இருக்கிறது. மனவுறுதியால் நோயை வெல்லலாம் என்றால், நோய் திரும்பி வந்த பெண் மனவுறுதி இல்லாதவள் என்றாகிவிடுமே!

மருத்துவ உலகமும் இந்தக் கேள்வியை ஆராய்ந்திருக்கிறது. உடலின் வேறு பகுதிகளுக்கும் மார்புப் புற்றுநோய் பரவியிருந்த பெண்களைக் குழுவாகக் கூட்டி, மனம்விட்டுப் பேசவைத்த அமெரிக்க மனநல வைத்தியர் டேவிட் ஸ்பீகல், அப்படிப் பேசியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று 1989 இல் எழுதினார். உலகமே வியந்தது. ஆனால் கனடாவில் பமெலா குட்வின் தலைமையில் நடந்த பெரிய ஆய்வு 2001 இல் வேறு முடிவைத் தந்தது. குழுவில் பேசியதால் ஆயுள் கூடவில்லை. ஆனால், மன வேதனையோடு வந்தவர்களுக்கு அந்த வேதனை குறைந்தது. வலியும் குறைவாகத் தெரிந்தது.

இதிலிருந்து நாம் இரண்டு விடயங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, நோயைக் குணப்படுத்துவது சிகிச்சைதான். ஒரு பெண் அழுதாலும், பயந்தாலும், சோர்ந்தாலும் அதனால் அவளுடைய நோய் திரும்பி வருவதில்லை. ஆகவே நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்ற சுமையை அவள் தலையில் ஏற்றாதீர்கள். மற்றது, அதே பாதையில் நடந்தவர்களோடு பேசுவது வாழும் நாட்களை இலகுவாக்குகிறது. அது சிறிய விடயமல்ல.

இந்த உண்மையை வைத்தியர்களுக்கு முன்பே ஒரு பெண் கண்டுகொண்டார். நியூயோர்க்கில் மார்பு அகற்றப்பட்ட டெரீஸ் லாஸர், அதே சத்திரசிகிச்சைக்கு உள்ளான மற்றப் பெண்களை 1952 முதல் வைத்தியசாலைக் கட்டிலருகே போய்ப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அந்தக் காலத்தில் சில வைத்தியர்களுக்கே அது பிடிக்கவில்லை. இன்று உலகெங்கும் நடக்கும் இத்தகைய சந்திப்புகளுக்கெல்லாம் அதுவே வித்து.

மறைப்பதன் விலை

இனி எமது வீட்டுக்குள் வருவோம். என்னிடம் வரும் இளம் தமிழ்ப் பெண்கள் பலர், நோயைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே "டொக்டர், இது ஒருவருக்கும் தெரியக்கூடாது" என்கிறார்கள். தங்கச்சியின் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயம், கண்ணூறு, "என்ன பாவம் செய்தாளோ" என்ற பேச்சு, ஊரில் இருக்கும் அம்மா தாங்கமாட்டார் என்ற கவலை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு அன்பும் இருக்கிறது, ஒரு பயமும் இருக்கிறது. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பது முழுக்க முழுக்க அவளுடைய உரிமை. ஆனால் மறைப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் இரண்டு பெண்கள் என்னிடம் வந்துகொண்டிருந்தார்கள். இருவரும் சம்மதித்ததால், அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். ஒருவருக்கு 34 வயது, மற்றவருக்கு 37. இருவருக்கும் ஒரே ஆண்டில் மார்புப் புற்றுநோய். இருவரும் தலைமயிர் உதிர்ந்ததை மறைக்க ஒரே மாதிரி பொய்மயிர் வைத்திருந்தார்கள். இருவரின் பிள்ளைகளும் ஒரே தமிழ்ப் பாடசாலையில் படித்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் அருகருகே இருந்துவிட்டு, "எப்படிச் சுகம்?" "சுகம்தான்" என்று சொல்லிப் பிரிந்தார்கள். இருவரும் தனித்தனியே என்னிடம் வந்து சொன்னது ஒரே வாக்கியம்: "எங்கட ஆட்களில் என்னைப் போல ஒருத்தரும் இல்லை."

வைத்தியரால் ஒருவரைப் பற்றி மற்றவருக்குச் சொல்ல முடியாது. "உங்களைப் போன்ற ஒரு தமிழ்ப் பெண்ணோடு பேச விருப்பமா?" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டேன். ஒருவர் உடனே சம்மதித்தார். மற்றவருக்கு நான்கு மாதம் எடுத்தது. இப்போது பாடசாலை நடக்கும் நேரத்தில் இருவரும் பக்கத்துப் பூங்காவில் நடக்கிறார்கள். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. ஆனால் நித்திரைக் குளிசை கேட்டு வருவதை இருவருமே நிறுத்திவிட்டார்கள்.

மறைப்பதால் மருத்துவ ரீதியான தீங்கும் உண்டு. மார்புப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் பரம்பரையாக வருவது. ஆகவே "இந்தக் குடும்பத்தில் பெண் எடுக்கக்கூடாது" என்ற பேச்சுக்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. ஆனாலும் மிக இளவயதில் நோய் வந்தால், பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 போன்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். தகுதியுடையோருக்கு 2017 முதல் மெடிகெயார் இதற்குப் பணம் கொடுக்கிறது. அப்படி மாற்றம் இருந்தால், சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் அது இருப்பதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு. அம்மாவின் பக்கத்தால் மட்டுமல்ல, அப்பாவின் பக்கத்தாலும் வரலாம். லண்டனில் இருக்கும் அக்காவுக்கும் ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சிக்கும் சொல்லாமல் விட்டால், அவர்கள் பரிசோதித்துத் தம்மைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பை நாமே மூடிவிடுகிறோம்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு இலட்சக்கணக்கில் நடந்தவர்களில் நானும் ஒருவர். அப்போது யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சாவகச்சேரியில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் தங்கினோம். எத்தனை நாள் நிற்பீர்கள் என்று அந்த வீட்டு அம்மா கேட்கவில்லை. எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும் என்றுதான் கேட்டார். அன்று தேவையை மறைக்க எவருக்கும் வழி இருக்கவில்லை, ஆகவே வெட்கமும் இருக்கவில்லை. அந்தப் பழக்கம் எம்மிடம் இன்னும் இருக்கிறது. ஆனால் தேவை இருப்பது தெரிந்தால்தானே உலை வைக்கலாம்!

பிள்ளைப்பேறும் தாம்பத்தியமும்

வெட்கப்பட்டுக் கேட்காமல் விடும் கேள்விகள் இவை. கீமோதெரபி சூலகங்களைப் பாதிக்கக்கூடும். பிள்ளை பெற விருப்பமுள்ள பெண், கலியாணமாகாதவர் உட்பட, சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே இதைச் சொல்ல வேண்டும். முட்டைகளையோ கருவையோ உறையவைத்துப் பாதுகாக்க வழிகள் உண்டு. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் அதைச் செய்து முடிக்கலாம்.

தமொக்சிபென் போன்ற ஹோர்மோன் மாத்திரைகளை ஐந்து வருடம், சிலர் பத்து வருடம்கூட எடுக்க வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் கர்ப்பம் தரிக்கக்கூடாது. ஹோர்மோன் கலந்த கருத்தடை மாத்திரையும் எடுக்கக்கூடாது. வேறு முறைகள் உண்டு. அப்படியானால் பிள்ளைக்காகப் பத்து வருடம் காத்திருக்க வேண்டுமா? 2023 இல் வெளிவந்த "பொசிட்டிவ்" என்ற ஆய்வு இதற்கு நம்பிக்கையான பதிலைத் தந்தது. 42 வயதுக்கு மேற்படாத ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள், ஒன்றரை முதல் இரண்டரை வருடம் மாத்திரை எடுத்த பின், பிள்ளைப்பேற்றுக்காக இரண்டு வருடம் வரை அதை நிறுத்தினார்கள். சுமார் மூன்று வருடக் கண்காணிப்பில், அவர்களுக்கு நோய் திரும்பியது கூடுதலாகக் காணப்படவில்லை. நீண்டகாலக் கண்காணிப்பு தொடர்கிறது. ஒவ்வொருவரின் நோயும் வேறு என்பதால், புற்றுநோய் வைத்தியரைக் கேட்காமல் மாத்திரையை ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

சிகிச்சையால் உடலுறவு வலிப்பதும் ஆசை குறைவதும் பலருக்கு நடப்பவை. கணவன்மார்களே, இது உங்கள் மேலுள்ள வெறுப்பு அல்ல! மனைவிமார்களே, இது சகித்துக்கொண்டு இருக்கவேண்டிய விடயமும் அல்ல. வறட்சிக்கு ஹோர்மோன் இல்லாத களிம்புகள் உண்டு. வைத்தியரிடம் கேட்டால் வழி சொல்வார்.

கையால் பாரம் தூக்கலாமா?

அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றிய பின் சிலருக்குக் கை வீங்கும். அதனால் எமது வீடுகளில் "கையை அசைக்காதே, ஒன்றும் தூக்காதே" என்று உட்காரவைத்து விடுகிறார்கள். முன்பு வைத்தியர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 1996 இல் கனடாவின் வன்கூவரில் டொன் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவ நிபுணர், மார்புப் புற்றுநோயைக் கடந்த 24 பெண்களைச் சேர்த்து டிராகன் படகு வலிக்கப் பழக்கினார். கை வீங்கும் என்று எல்லோரும் பயந்தார்கள். வீங்கவில்லை! 2009 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றும், படிப்படியாகப் பாரம் தூக்கிப் பயிற்சி செய்வதால் வீக்கம் கூடுவதில்லை என்று காட்டியது.

அந்தப் பெண்கள் பருவம் முடிந்த பின்னும் படகை விட்டுப் போகவில்லை. இன்று பல நாடுகளில் இப்படிப்பட்ட அணிகள் இருக்கின்றன. இங்கே டிராகன்ஸ் அப்ரெஸ்ட் என்ற அமைப்பு நடத்துகிறது. நீந்தத் தெரியாதவர்கள் படகைக் கண்டு பயப்பட வேண்டாம், நடக்கலாம். அவுஸ்திரேலியப் புற்றுநோய் வைத்திய சங்கம் 2018 இல் வெளியிட்ட அறிவுரையின்படி, வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், இரண்டு அல்லது மூன்று தடவை தசைப் பயிற்சியும் இலக்கு. சிறிதாகத் தொடங்குங்கள். களைப்புக்குக் கிடைக்கும் நல்ல மருந்துகளில் ஒன்று உடற்பயிற்சி.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறிக்குப் போடும் மஞ்சள் நல்லது. ஆனால் கடையில் விற்கும் வீரியம் கூடிய மஞ்சள் குளிசைகளால் ஈரல் பாதிப்பு வரலாம் என்று அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 இல் எச்சரித்தது. எந்தக் கசாயமோ குளிசையோ எடுப்பதாயிருந்தாலும் முதலில் சொல்லுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

1. மக்ராத் தாதிகள்: கிரிக்கெட் வீரர் கிளென் மக்ராத்தை எம் வீடுகளில் தெரியாதவர் இல்லை. அவருடைய மனைவி ஜேனுக்கு 31 வயதில் மார்புப் புற்றுநோய் வந்தது. இருவரும் 2005 இல் தொடங்கிய அமைப்பு, பயிற்சி பெற்ற தாதிகளை நாடெங்கும் அமர்த்துகிறது. ஜேன் 2008 இல் தமது 42 ஆவது வயதில் காலமானார். 2009 முதல் சிட்னி டெஸ்ட் போட்டியில் மைதானமே இளஞ்சிவப்பாக மாறுவது இதற்காகத்தான். இந்தத் தாதிகளின் சேவை இலவசம்; வைத்தியரின் கடிதமும் தேவையில்லை.

2. அவுஸ்திரேலிய மார்புப் புற்றுநோய் வலையமைப்பு: நோயைக் கடந்த லின் ஸ்வின்பேர்ன் 1998 இல் தொடங்கியது. தொலைபேசி 1800 500 258. இளம் பெண்களுக்கென்று தனித் தகவல்களும் உண்டு.

3. புற்றுநோய்ச் சபை: 13 11 20. பண உதவி, போக்குவரத்து, உளவளத்துணை எல்லாவற்றுக்கும் இங்கே கேட்கலாம்.

4. மொழிபெயர்ப்பாளர்: 131 450 ஐ அழைத்து "தமிழ்" என்று சொன்னால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் மூலம் மேற்படி இடங்களோடு பேசலாம். அரச வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். கணவனையும் பிள்ளையையும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளை தன் தாயின் நோயைத் தானே தாய்க்குச் சொல்வது கொடுமை.

5. உங்கள் குடும்ப வைத்தியர்: மனநலத் திட்டம் எழுதித் தந்தால், ஆண்டுக்குப் பத்துத் தடவை வரை உளவியலாளரை மெடிகெயார் உதவியோடு பார்க்கலாம். நாட்பட்ட நோய்க்கான திட்டத்தின் கீழ், பிசியோதெரபி போன்றவற்றுக்கு ஆண்டுக்கு ஐந்து தடவை உதவி உண்டு.

6. பிள்ளைகளுக்கு: 12 முதல் 25 வயது வரையானோருக்கு, பெற்றோரின் நோயால் தவிப்போருக்கும், கான்டீன் என்ற அமைப்பு உதவுகிறது.

வேலை செய்வோர் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். களைப்பினால் அவசரப்பட்டு வேலையை விடுவதற்கு முன், உங்கள் ஓய்வூதிய நிதியில் காப்புறுதி இருக்கிறதா என்று பாருங்கள். நோயைக் காரணம் காட்டி வேலையில் பாரபட்சம் காட்டுவது 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சட்டத்துக்கு முரணானது; அதற்கு எதிராக முறையிடலாம்.

அயலவர்களாகிய நாம் என்ன செய்யலாம்?

"ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அவள் சொல்லமாட்டாள். "புதன்கிழமை இடியப்பமும் சொதியும் கொண்டு வாறன்", "பிள்ளைகளை இந்த மாதம் நீச்சலுக்கு நான் கூட்டிப்போறன்" என்று நாளையும் வேலையையும் குறித்துச் சொல்லுங்கள். அந்த உதவியைச் சிகிச்சைக் காலத்தில் மட்டுமல்ல, அது முடிந்து ஆறு மாதத்தின் பின்னும் செய்யுங்கள். அப்போதுதான் மற்றவர்கள் மறந்திருப்பார்கள்.

இறந்துபோன தூரத்துச் சொந்தத்தின் கதையை அவளுக்குச் சொல்ல வேண்டாம். காரணமும் கேட்க வேண்டாம். அவள் எதுவும் செய்து இந்நோய் வரவில்லை. அவள் உங்களிடம் சொன்னதை அவளுடைய அனுமதியின்றி இன்னொருவரிடம், உங்கள் சொந்தச் சகோதரியிடம்கூட, சொல்லாதீர்கள். இந்த ஒன்றை நாம் எல்லோரும் கடைப்பிடித்தாலே மறைக்க வேண்டிய தேவை பாதியாகக் குறைந்துவிடும்.

இதை வாசிக்கும் சகோதரியே, நீங்கள் இந்நோயைக் கடந்து வந்து சில வருடங்கள் ஆகியிருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். மேடை ஏறிப் பேசச் சொல்லவில்லை. உங்கள் குடும்ப வைத்தியரிடமோ தாதியிடமோ, "இன்னொரு தமிழ்ப் பெண் பேச விரும்பினால் என் பெயரைச் சொல்லலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நீங்கள் இப்போதுதான் சிகிச்சையில் இருப்பவரென்றால், "தமிழில் பேச யாராவது இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். இந்த இரண்டு வார்த்தைகளும் ஒன்றையொன்று சந்திப்பதற்கு நாங்கள் வழி செய்கிறோம்.

இக்கட்டுரை பொதுவான அறிவுக்காக எழுதப்பட்டது. உங்கள் நோய் பற்றிய முடிவுகளை உங்கள் வைத்தியரோடு பேசியே எடுங்கள்.